ஜெல் தண்ணீராய்ப் போன அன்று

தம்பி,

முகத்துக்குப் பூசுகிற ஜெல்லைச் செய்கிற முறையை ஒரு தாளில் விவரமாக எழுதி அனுப்பச் சொல்லி மூன்று மாதமாக அம்மாவை அரித்துக்கொண்டிருக்கிறாய். கலியாணம் முடிந்த கையோடு கட்டார் வேலையை விட்டுவிட்டு வந்து, நீயும் ஸ்ரெலாவும் என்னோடு சேர்ந்து இதைப் பெரிதாகச் செய்யப்போகிறோம் என்கிறாய். போத்தலில் ஒட்டுவதற்கு லேபிள்கூடக் கீறி அனுப்பிவிட்டாய். நடுவில் என் படம், அதன் கீழே "லாப் மிஸ்ஸின் கைப்பக்குவம், ஒருபோதும் பிழைக்காது." சரி, இன்றைக்கு எழுதுகிறேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரியான செய்முறை இல்லை இது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து அனுப்புவேன். வேலைத்தளத்தில் நின்றபடி வாசிக்காதே. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் வாசி. அரைவாசியில் எனக்குப் போன் எடுக்கக் கூடாது. எடுத்தாலும் நான் தூக்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்கிறேன். ஸ்ரெலாவின் இடது கன்னத்தில் இருக்கிற அந்தக் கறுப்புத் தழும்பு அவள் அளவு தெரியாமல் ஜெல்லை அள்ளிப் பூசியதால் வந்தது என்றுதான் நீ நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாய். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அது பொய். அவள் நான் சொன்ன அளவில்தான் பூசினாள். பிழை என்னுடையது, ஜெல் பிழை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். போன திங்கட்கிழமை அன்புவழிபுரத்தில் அவள் வீட்டுக்குப் போய் அவளிடம் என் வாயால் சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள், யோசித்தாள், பிறகு சொன்னாள்: "அவருக்கும் நீங்களேதான் சொல்லோணும் மாமி. போனில வேண்டாம். போனில நீங்கள் அழுது கதையை மாத்திப்போடுவியள். எழுதுங்கோ." மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற கலியாண ஓலையில் மூன்றாவதை வாசிப்பதற்கு முன்னர் உன்னிடமிருந்து அவளுக்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதில் பிழையானால் இந்தக் கலியாணம் இல்லை. என்ன பதில் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் நீ நடுவில் இருப்பதை வாசிக்கமாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா?

என்னைப் பற்றி நீ ஊரெல்லாம் பெருமையடிக்கிற கதையிலிருந்தே தொடங்குகிறேன். பெண்கள் பாடசாலையில் முப்பது வருடம் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள் உன் அம்மா. ஆசிரியை இல்லை, ஆனாலும் பிள்ளைகள் எல்லாரும் "லாப் மிஸ்" என்றுதான் கூப்பிட்டார்கள். அமிலப் போத்தலை எப்படித் தூக்குவது, அளவுச்சாடியைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து எப்படி வாசிப்பது என்று அத்தனை வகுப்புக்கும் காட்டிக்கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு உன் அப்பாவும் போய்ச் சேர, வீட்டில் சும்மா இருக்க ஏலாமல்தான் இதைத் தொடங்கினேன். காய்ச்சி வடித்த நீரில் கார்போமர் தூளைத் தூவி ஊறவிட்டு, மறுநாள் கார நீரைத் துளித் துளியாக விட்டுக் கலக்கும்போது, அதுவரை பால் போல் கலங்கிக் கிடந்தது ஒரு நொடியில் கண்ணாடி போல் இறுகித் தெளியும். நீயும் குசினிக் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு "அம்மா, மந்திரம் மாதிரி இருக்கு" என்றாய். அதுதான் அடிப்படை ஜெல். அது ஒரு வெறும் பாத்திரம், அவ்வளவுதான். தோலில் வேலை செய்கிற பொருள் அதற்குள்தான் போகிறது. பருத் தழும்புக்கு நியாசினமைட், இறந்த தோலை உரிப்பதற்குக் கிளைகோலிக் அமிலம். அந்தப் பொருளில்தான் நன்மையும் இருக்கிறது, கேடும் இருக்கிறது.

எனக்கு நானே வைத்திருந்த சட்டங்கள் மூன்று. அமிலம் போட்ட ஒவ்வொரு கலவையையும் பிஎச் தாளில் தொட்டுப் பார்ப்பது. என் முழங்கை மடிப்பில் பூசி ஒரு முழு நாள் விட்டுப் பார்ப்பது. போத்தல் புதிதானால் லேபிளை வாய்விட்டு வாசிப்பது. மூன்றாவதைப் பிள்ளைகளுக்கு எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! "பிள்ளையள், போத்திலின்ர நிறத்தைப் பாக்காதேங்கோ, எழுத்தைப் பாருங்கோ." அந்த வாய்தான் அன்றைக்குத் தன் சொல்லைத் தானே கேட்கவில்லை.

அன்றைக்குக் கோயில் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த நாலைந்து பேர் திருநாளுக்கு முன்னர் ஜெல் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கொழும்பிலிருந்து அமிலம் வந்த பெட்டியை அவசரமாகக் கிழித்தேன். அதே மண்ணிறப் போத்தல், அதே நீல மூடி. வழக்கமாக வருவது முப்பது வீதக் கரைசல். நூறு மில்லிலீற்றர் ஜெல்லுக்கு இதில் பத்து, அதற்கு ஏற்ற கார நீர் இவ்வளவு என்று கணக்கு எனக்கு மனப்பாடம். அதே கணக்கில் ஊற்றினேன். வந்திருந்தது எழுபது வீதம். ஒரு தாள் துண்டில் கடைக்காரர் அதை எழுதியும் வைத்திருந்தார். அந்தத் துண்டு பெட்டியின் அடியில் வைக்கோலுக்குள் கிடந்தது. பிஎச் தாள் முடிந்துபோயிருந்தது. வரவழைப்பதென்றால் நான்கு நாள். "முப்பது வருசம் பாத்த கண், தாள் என்னத்துக்கு?" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முழங்கையில் பூசிப் பார்க்கவும் அந்த அவசரத்தில் நாள் இருக்கவில்லை.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அமிலம் விழுந்து நான் கண்ணாடிக்கோலால் இரண்டு சுற்றுச் சுற்றியதும் ஜெல் தண்ணீராய்ப் போயிற்று. வழக்கத்தில் சற்று இளகும், அவ்வளவுதான். அன்றைக்கு வடித்த கஞ்சி மாதிரி ஓடிற்று. கார்போமரின் குணம் அது. அமிலம் அளவுக்கு மிஞ்சினால் அதனால் இறுகி நிற்க ஏலாது, உடைந்துவிடும். தாள் இல்லாவிட்டால் என்ன, முழங்கை இல்லாவிட்டால் என்ன, "மிஸ், எனக்குள்ள விட்டது கூடிப்போச்சு" என்று ஜெல்லே எனக்குச் சொல்லிற்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? கேக் அடிக்கிறவர்கள் பாவிக்கிற சாந்தன் பசைத்தூள் அலுமாரியில் இருந்தது. அதில் இரண்டு தேக்கரண்டி போட்டு அடித்தேன். அது எந்த அமிலத்திலும் தடிக்கும். ஜெல் திரும்ப இறுகிற்று. கொஞ்சம் மங்கல், பரவாயில்லை என்று எட்டுப் போத்தலில் அடைத்து, மூடியில் என் கையெழுத்தில் பெயரும் எழுதினேன். ஏன் தண்ணீரானது என்று ஒரு நிமிடம், ஒரேயொரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. யோசித்தால் என் கணக்குப் பிழை என்று வந்துவிடுமே. லாப் மிஸ்ஸின் கணக்கு எப்படிப் பிழைக்கும்?

அன்று பின்னேரமே இரண்டு போத்தல் போயிற்று. ஒன்று ஒரு ரீச்சருக்கு. மற்றது ஸ்ரெலாவுக்கு. அப்போது அவள் உனக்கு யாரும் இல்லை, எங்கள் பங்குப் பிள்ளை, என்னிடம் லாப்பில் படித்தவள். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்து ஒரு மாதம்தான். இடது கன்னத்தில் கொஞ்சம் பரு. "மிஸ், மேசையில நிக்கிற வேலை, முகம் துப்புரவா இருக்கோணும் எண்டு சொல்லுகினம்" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். படுக்கப் போகும்போது பயறளவு எடுத்துப் பருவில் மட்டும் பூசு என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். "கொஞ்சம் கடிக்கும், பயந்து கழுவிப்போடாதை பிள்ளை. கடிச்சாத்தான் வேலை செய்யுது" என்றும் சொன்னேன். அவள் கடிக்கக் கடிக்க விடிய விடிய வைத்துக்கொண்டிருந்தாள், தம்பி. மிஸ் சொன்னபடியால் கழுவவில்லை.

மறுநாள் காலை வந்தபோது அவள் கன்னம் சிவந்து வீங்கி, நடுவில் தோல் ஈரமாய் நின்றது. அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அவள் போன பிறகு பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். அப்போதுதான் வைக்கோலுக்குள்ளிருந்து அந்தத் துண்டு விழுந்தது. "முப்பது கைவசம் இல்லை, எழுபது அனுப்புகிறோம், தண்ணீர் கலந்து பாவிக்கவும்." பிறகு என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? ரீச்சர் வீட்டுக்கு ஓடிப்போய், வாசம் சரியில்லை, வேறு தருகிறேன் என்று சொல்லி மூடி திறக்காத போத்தலை வாங்கி வந்தேன். மிச்சம் ஆறோடு சேர்த்து எல்லாவற்றையும் ஊற்றிக் கழித்தேன். துண்டை மடித்து என் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். எரித்திருக்கலாம். எரிக்கவும் மனம் வரவில்லை, காட்டவும் துணிவு வரவில்லை. அடுத்த முறை ஸ்ரெலா வந்து "ஏன் மிஸ் இப்பிடி வந்தது?" என்று கேட்டபோது, அவளுடைய கண்ணைப் பார்த்தே சொன்னேன்: "நீ கூடப் பூசியிருப்பாய் பிள்ளை. அளவுதான் முக்கியம் எண்டு லாப்பிலயே சொல்லித் தந்தனான் எல்லோ?" அவள் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் மிஸ்" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் உன் அம்மா. அதுவும் அந்தப் பிள்ளையின் சோற்றில்.

அவளுடைய அப்பா வந்த பின்னேரம் உனக்கு நினைவிருக்கும். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிற மனிதர், வேலை முடிந்து எண்ணெய் ஊறிய உடுப்போடு நேரே வந்திருந்தார். நீ நினைப்பது போல் அவர் சண்டைக்கு வரவில்லை. நீ முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தாய், அவர் சொன்னதன் முன்பாதி உனக்குக் கேட்டிராது. நான் குசினி யன்னலடியில் நின்றேன், எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "மிஸ்ஸோட சண்டை பிடிக்க வரேல்லத் தம்பி. அந்தப் போத்திலுக்குள்ள என்ன போட்டது எண்டு டொக்டர் கேக்கிறார். தெரிஞ்சா அதுக்கேத்த மருந்து குடுக்கலாமாம். அதைக் கேட்டுக்கொண்டு போக வந்தனான்" என்றார். ஒரு காலை எங்கள் வாசல் படலைக்கு உள்ளே வைத்திருந்தார். நீ சவர்க்கார நுரையோடு எழும்பிப் போய் அவர் முன்னால் நின்று கத்தினாய்: "முப்பது வருசம் லாப்பில இருந்தவ எங்கட அம்மா. அவ பிழை விடமாட்டா! உங்கட மகள் அள்ளிப் பூசிப்போட்டா, அதுக்கு இஞ்ச வந்து நிக்கிறியளோ? படலைக்கு அங்கால நிண்டு கதையுங்கோ." அவர் உள்ளே வைத்த காலை எடுத்தார். போய்விட்டார்.

நான் வெளியே வந்திருக்க வேண்டும். "தம்பி, பொறு, ஐயா கேக்கிறது சரி, இதுதான் துண்டு, இதைக் கொண்டுபோய் டொக்டரிட்டக் குடுங்கோ" என்று சொல்ல எத்தனை நொடி பிடிக்கும்? நான் குழாயைத் திறந்துவிட்டேன். பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் நினைக்க வேண்டும் என்பதற்காகத் திறந்தேன். வெறும் தொட்டிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நீ உள்ளே வந்து "அனுப்பிப்போட்டனம்மா, நீங்கள் யோசியாதேங்கோ" என்றாய். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு உன்னைப் பெற்றதற்குச் சந்தோசப்பட்டேன். சீ!

அதற்குப் பிறகு உனக்கே மனம் கேட்கவில்லை. வயதுக்கு மூத்த மனிதரிடம் அப்படிக் கத்தியது பிழை என்று, ஸ்ரெலா நிலாவெளி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டாய். என் வளர்ப்பில் ஒரு நல்லது இருக்கிறதென்றால் அதுதான். ஆனால் வீட்டுக்கு வந்து என்ன சொன்னாய்? "பாத்தியளே அம்மா, அவவே ஒத்துக்கொள்ளுறா. 'உங்கட அம்மா சொன்னது சரி, நான்தான் கூடப் பூசினனான்' எண்டு சொல்லுறா. எவ்வளவு நேர்மையான பிள்ளை!" அந்த நேர்மையில்தான் நீ விழுந்தாய். என்னுடைய பொய்யை அந்தப் பிள்ளை தன் பிழையாகத் தலையில் சுமந்து நின்றாள், நீ அதைப் பார்த்து ஆசைப்பட்டாய். நீ ஆசைப்பட்ட குணம் அவளிடம் இருப்பது உண்மைதான். ஆனால் என் வாயிலிருந்து வந்த பொய்தான் உங்கள் முதல் பேச்சு. உனக்குச் சாப்பாட்டைப் போட்டுத் தந்தேன்.

ஹோட்டலில் அவளை முன் மேசையிலிருந்து எடுத்துத் துணி அறைக்கு மாற்றினார்கள். ஏழு மாதம் படுக்கை விரிப்பு மடித்தாள். கன்னம் ஆறிக் கறுத்தது. அதிலிருந்து அவள் முகத்துக்குப் பவுடர்கூடப் போடுவதில்லை. அது அவளுடைய எளிமை என்று நீ எல்லாரிடமும் சொல்கிறாய். நான் மட்டும் சும்மா இருக்க ஏலாமல், தழும்பு மங்குகிறதற்கு நியாசினமைட் மட்டும் போட்டு, அமிலமே சேர்க்காமல், பிஎச் தாளில் ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்து, முழங்கையில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஆறு மாதத்துக்கு ஒரு போத்தல் அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். "என்ர மாமி எவ்வளவு கவனம்" என்று அவள் உனக்குச் சொல்ல, நீ எனக்குச் சொல்ல, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா உங்கள் சம்பந்தத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அவர் இன்றுவரை எங்கள் படலைக்கு உள்ளே கால் வைக்கவில்லை. பலகாரம் கொண்டு வந்தாலும் வெளியே நின்று நீட்டுவார். உள்ளே வாங்கோ என்றால் "இல்ல, நிக்க நேரமில்லை" என்பார். கூச்ச சுபாவம் என்று நீ சொல்வாய். கூச்சம் இல்லையடா அது.

போன ஞாயிறு முதலாவது ஓலை. பூசை முடிகிற நேரம் பாதர் உன் பெயரையும் அவள் பெயரையும் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு கலியாணத்துக்கும் சொல்கிறதுதான். எத்தனை தடவை கேட்டிருப்பேன், காதில் ஏறியதில்லை. அன்றைக்கு என் கையில் செபப் புத்தகம். அதற்குள் அந்தத் துண்டு. இரண்டு வாங்கு வரிசை முன்னால் ஸ்ரெலா இருந்தாள். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்தக் கன்னத்தோடு. மாதாவே! பூசை முடிய யாரோடும் கதைக்காமல் லிங்கநகர் வீட்டுக்கு நடந்தே வந்தேன். அன்று முழுவதும் அடுப்பு மூட்டவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் துண்டை எடுத்துக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்குப் போனேன்.

அவள் வேலையால் வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் இருக்கமாட்டேன் என்றேன். துண்டை அவள் கையில் கொடுத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது வீதம், தண்ணீராய்ப் போனது, பசைத்தூள், "நீ கூடப் பூசியிருப்பாய்" என்று சொன்னது, குழாயைத் திறந்தது, எல்லாம். முடிந்த பிறகு ஒரே கேள்வி கேட்டாள். "ஜெல் தண்ணியாப் போன நேரமே உங்களுக்கு ஏதோ பிழையெண்டு தெரிஞ்சதோ மாமி?" இல்லை என்று சொல்ல வாய் வந்தது, தம்பி. நாக்கின் நுனி வரை வந்தது. "ஓம் பிள்ளை" என்றேன். அவள் எழும்பி அலுமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் ஏழு போத்தல்கள் வரிசையாக இருந்தன. நான் அனுப்பியவை, என் கையெழுத்து. ஒன்றின் மூடிகூட உடைக்கவில்லை. "நல்ல சாமான் எண்டு தெரியும் மாமி. பூசப் பயம். திருப்பியும் என்ர கை கூடப் போட்டிடுமோ எண்டு பயம். நாலு வருசமா நான் என்ர கையத்தான் நம்பேல்ல. கறிக்கு உப்புப் போட்டாலும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டிப்போட்டுத்தான் போடுறனான்." அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். தழும்பு ஒரு பக்கம் கிடக்கட்டும். ஒரு பிள்ளைக்குத் தன் கையிலேயே நம்பிக்கை இல்லாமல் செய்துவிட்டேனே என்று எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிட வேண்டும் போல் இருந்தது. அவளைத் தொடப் போனேன். "இப்ப தொடாதேங்கோ மாமி" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன்.

இனி நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். யானைக்கும் அடி சறுக்கும் என்பாய். சறுக்கிய யானை பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து "நீதான் தள்ளினாய்" என்று சொல்லாது, தம்பி. அம்மா வயதுபோனவ, தனிய இருந்தவ, பயந்துபோனா என்பாய். எனக்கு வயதும் போகவில்லை, பயம் என்பது சரி, ஆனால் அந்தப் பயத்துக்கு நான்கு வருட ஆயுள் கிடையாது. மிச்சமெல்லாம் பெருமை. லேபிளில் நீ எழுதிய அந்த "ஒருபோதும் பிழைக்காது"தான் இத்தனைக்கும் வேர். அதை அழி. நீ ஜெல் செய்வதானால் செய், நான் தடுக்கவில்லை. பிஎச் தாள் இல்லாத அன்று கலக்காதே. போத்தலின் எழுத்தை ஒவ்வொரு முறையும் வாய்விட்டு வாசி. கடித்தால் உடனே கழுவச் சொல், பொறுக்கச் சொல்லாதே. ஜெல் தண்ணீராய்ப் போனால் தடிக்க வைக்காதே, ஊற்றிவிட்டு ஏன் என்று தேடு. ஒருவர் திரும்பி வந்து முகத்தைக் காட்டினால், உள்ளே என்ன போட்டாய் என்று முதலில் சொல், மற்றதைப் பிறகு கதைக்கலாம். நீ கேட்ட செய்முறை இவ்வளவுதான். கிராம் கணக்கு ஸ்ரெலாவிடம் இருக்கிறது. திங்கட்கிழமையே அதை எழுதி வைத்திருந்த என் கொப்பியை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இனி அளக்கிற கை அவளுடையதாக இருக்கட்டும் என்று கேட்டேன். அவள் கொப்பியை வாங்கி மேசையில் வைத்தாள்.

இப்போது அவள் கேட்ட பதில். படலைவரை என்னோடு நடந்து வந்து சொன்னாள். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "எனக்கு அவரில கோவமில்லை மாமி. அவருக்குத் தெரியாது. ஆனா இதை வாசிச்சாப் பிறகும் அவர் உங்களுக்காகக் கதைச்சா, அம்மா பாவம், விடு எண்டு ஒரு சொல்லுச் சொன்னாலும், எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். நான் ஒண்டு சொல்ல வாய் திறக்கேக்கை, அதுக்கு முன்னால 'எங்கட அம்மா' எண்டு வந்து நிக்கிற ஆளோட என்னால இருக்க ஏலாது. மூண்டாவது ஓலைக்கு முன்னம் எனக்குத் தெரியோணும். இல்லாட்டி நானே பாதரிட்டப் போய் நிப்பாட்டச் சொல்லுவன்." கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வருகிற ஞாயிறு இரண்டாவது ஓலை. அதற்கடுத்த வியாழன் நீ வந்து இறங்குகிறாய். அதற்குப் பிறகு வருகிற ஞாயிறு மூன்றாவது. உனக்கு இருக்கிற நாள் அவ்வளவுதான். உன் அம்மாவாக உன்னிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். வந்து இறங்கினால் நேரே வீட்டுக்கு வராதே. பெட்டியோடு அன்புவழிபுரத்துக்குப் போ. அவர்களுடைய படலைக்கு வெளியே நில். அவளுடைய அப்பா வருவார். அன்றைக்கு அவர் ஒரு காலை எடுத்து வெளியே வைத்தாரே, அதற்கு நீ பதில் சொல்லவேண்டும், நான் சொல்லித்தந்து அல்ல. போன முறை நீ அவருக்குச் சொன்னதெல்லாம் என் சொல்தான். இந்த முறை உன்னுடையதாக இருக்கட்டும். "எங்கட அம்மா பிழை விட்டவ" என்று சொல்ல உனக்கு நாக்கு வராது, அது எனக்குத் தெரியும். வரவேண்டும். எனக்காகக் கதைக்காதே, ராசா. நான் உன்னைப் பெற்றதற்கு நீ எனக்குச் செய்யவேண்டியது அது ஒன்றுதான்.

உள்ளே கூப்பிட்டால் போ. கூப்பிடாவிட்டால் நில். நான் சோறு போட்டு மூடி வைக்கிறேன், ஆறினாலும் பரவாயில்லை. எவ்வளவு நேரம் சென்றாலும் அங்கே நின்றுவிட்டு வா. எங்கள் படலையை நான் பூட்டமாட்டேன்.

அம்மா